வியாழக்கிழமை அம்மாவுக்கு கர்ப்பப்பை எடுக்க தேதி குடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி என்ன கேட்கணும்?

மீனாட்சிபட்டணம் | திங்கள், இரவு 10:42

வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும் போவேன், இன்னைக்குத்தான் முதல்ல எழுதுறேன்.

அம்மாவுக்கு 54 வயசு. ஊர் மதுரைக்குப் பக்கம். மாதவிலக்கு நின்னு மூணு வருஷம் ஆச்சு. தீபாவளிக்கு அப்புறம் மறுபடியும் அப்பப்ப உதிரம் பட்டிருக்கு. யார்கிட்டயும் மூச்சு விடல. உடம்புச் சூடுன்னு நினைச்சு வெந்தயம் ஊறப் போட்டுக் குடிச்சுட்டு இருந்திருக்காங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப கொல்லையில காயப்போட்ட துணியைப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சது.

பக்கத்து டவுன்ல ஒரு நர்சிங் ஹோம்ல காட்டினோம். வயித்து ஸ்கேன்ல கர்ப்பப்பை உள்சவ்வு 11 மி.மீ., உள்ளே கொஞ்சம் நீர் தேங்கியிருக்குன்னு இருக்கு. சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை 48. பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயில சுரண்டி எடுத்துப் பார்க்கிற சோதனை) நெகட்டிவ்னு டாக்டர் சொன்னாங்க. "வயசாச்சு, இனிமே அது எதுக்கு, எடுத்துடலாம்"னு வியாழக்கிழமை ஆபரேஷன். தம்பி அட்வான்ஸ் கட்டிட்டான். அம்மாவும் "எடுத்துட்டா நிம்மதி"ங்கிறாங்க. எனக்கு மட்டும்தான் மனசு ஒப்பல. நான் வீணா பயப்படுறேனா?

தாரை | திங்கள், இரவு 11:20

வீணா இல்லம்மா. நான் 22 வருஷம் புற்றுநோய் வார்டுல நர்சா இருந்து ஓய்வு வாங்கினவ. டாக்டர் இல்ல, அதை மனசுல வச்சுக்கிட்டுப் படி.

மாதவிலக்கு நின்ன பிறகு உதிரம் பட்டா, காரணம் தெரியாம கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது. பாதிக்கு மேல சாதாரணக் காரணமாத்தான் இருக்கும், சவ்வு மெலிஞ்சு போறது, பாலிப், இப்படி. ஆனா புற்றுநோயா இருந்தா, அது எந்த இடத்துல இருக்குங்கிறதைப் பொறுத்து வைத்தியமே தலைகீழா மாறும். கர்ப்பப்பையோட உள்சவ்வுல இருந்தா முதல்ல ஆபரேஷன். சினைப்பையில இருந்தா பெரிய ஆபரேஷனும் கீமோவும். கர்ப்பப்பை வாயில கொஞ்சம் பரவி இருந்தா ஆபரேஷனே கிடையாது, கரண்டும் (கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம்) கீமோவும்தான். மூணும் ஒரே அடிவயித்துக்குள்ள இருக்கு, ஆனா மூணும் வேற வேற வியாதி.

எனக்கு ரெண்டு கேள்வி. ஒண்ணு, டாக்டர் கருவி வச்சு விரிச்சு கர்ப்பப்பை வாயைக் கண்ணால பார்த்தாங்களா? ரெண்டு, ஸ்கேன்ல நீர் தேங்கியிருக்குன்னு எழுதியிருக்கே, அந்த வரியை அப்படியே தட்டச்சு பண்ணு. இந்த வயசுல உள்ளே தேங்குதுன்னா வெளியே வர்ற வழி எங்கயோ அடைச்சிருக்கலாம். அந்த வழிதான் கர்ப்பப்பை வாய்.

கொங்குக்காரன் | செவ்வாய், காலை 6:15

தாரை அக்கா சொல்றதுக்கு எங்க பெரியம்மாவே சாட்சிங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி வெள்ளைப்படுதுன்னு போனாங்க. "புண்ணு இருக்கு, எடுத்துடலாம்"னு எடுத்துட்டாங்க. எடுத்த கர்ப்பப்பையை லேபுக்கே அனுப்பல. நாங்களும் கேக்கலீங்க, கேக்கணும்னே தெரியாது. ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரே ரத்தப்போக்கு. தைச்ச இடத்துல கட்டி. அப்பத்தான் தெரிஞ்சது முதல்லயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்னு.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "முதல் ஆபரேஷனோட பயாப்ஸி ரிப்போர்ட் எங்க?" எங்க கையில டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும்தான் இருந்துச்சுங்க. கரண்ட் வச்சாங்க. ஆனா கர்ப்பப்பை இருந்திருந்தா அதுக்குள்ளயே கருவி வச்சுக் குடுத்திருக்கலாம், இப்ப அந்த வசதி போச்சுன்னு சொன்னாங்க.

பெரியம்மா இல்லீங்க இப்ப. அட்வான்ஸ் போனா போகட்டும்.

மீனாட்சிபட்டணம் | செவ்வாய், காலை 9:05

அண்ணா, படிச்சு கை நடுங்குது.

தாரை அக்கா, அம்மாகிட்ட கேட்டேன். கருவி வச்சது நர்ஸ்தானாம், டாக்டர் பார்க்கலையாம். அன்னைக்கும் உதிரம் இருந்துச்சு, பாப் அவசரமா எடுத்தாங்கன்னு சொன்னாங்க. ஸ்கேன் வரி: "எண்டோமெட்ரியல் கேவிட்டியில் திரவம் தேங்கியுள்ளது, செர்விக்ஸ் சற்றுப் பருமனாகத் தெரிகிறது". செர்விக்ஸ்னா கர்ப்பப்பை வாய்தானே? பாப் ரிப்போர்ட்ல நெகட்டிவ்ங்கிற வார்த்தையையே காணோம். "அன்சாட்டிஸ்ஃபாக்டரி, ரத்தம் மறைத்துள்ளது"ன்னு போட்டிருக்கு.

ஸ்லைடுபெட்டி | செவ்வாய், காலை 9:48

நான் நோயியல் மருத்துவர். நாள் முழுவதும் இந்த ஸ்லைடுகளோடுதான் குடித்தனம்.

அன்சாட்டிஸ்ஃபாக்டரி என்றால் நெகட்டிவ் இல்லை. "பார்ப்பதற்குப் போதுமான செல் கிடைக்கவில்லை, எங்களால் எதுவும் சொல்ல முடியாது" என்று லேப் கைவிரித்திருக்கிறது. பரீட்சைத் தாளே திருத்தப்படவில்லை, பாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று. பாப் ஸ்மியர் என்பது தொந்தரவு இல்லாத பெண்களிடம் முன்கூட்டியே மாற்றத்தைக் கண்டுபிடிக்க வந்த சோதனை. உதிரம் படுகிற, கண்ணுக்குக் கட்டி தெரிகிற நிலையில் பாப் நெகட்டிவாகவே வந்தாலும் அதை நம்பி நிற்கக் கூடாது. கட்டியின் மேல் பகுதி அழுகியிருந்தால் சுரண்டலில் வெறும் சீழும் ரத்தமும்தான் வரும். நேராக பயாப்ஸி. கர்ப்பப்பை வாயில் சந்தேகம் இருந்தால் அங்கிருந்து ஒரு சிறு துண்டு, உள்சவ்விலிருந்தும் மெல்லிய குழாய் விட்டு ஒரு மாதிரி. இரண்டுக்கும் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது.

ஸ்கேனில் உள்சவ்வின் தடிமன் 4 மி.மீ.க்கு மேல் இருந்து உதிரமும் பட்டால் பயாப்ஸி எடுப்பது பொது நடைமுறை. அந்தக் கணக்குப்படி பார்த்தாலும் உங்கள் அம்மாவுக்கு எடுத்தே ஆக வேண்டும்.

நாட்டுமருந்து_ரசிகன் | செவ்வாய், காலை 11:30

கத்தி பட்டாலே பரவும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. பயாப்ஸி எடுத்த பிறகு என் நண்பரின் மனைவிக்கு மூன்றே மாதத்தில் முற்றிவிட்டது. யோசித்துச் செய்யுங்கள்.

ஸ்லைடுபெட்டி | செவ்வாய், மதியம் 1:10

ஐயா, அந்த அம்மாவுக்கு பயாப்ஸி எடுத்தபோதே நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கர்ப்பப்பை வாயிலோ உள்சவ்விலோ துண்டு எடுப்பதால் நோய் முற்றுவதில்லை. துண்டு எடுக்காமல் கரண்டோ கீமோவோ எந்த மருத்துவரும் தொடங்க மாட்டார்.

ஆனால் உங்கள் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சினைப்பைக்குள் அடங்கியிருக்கும் சந்தேகக் கட்டியை ஊசியால் குத்தக் கூடாது. உடைந்தால் உள்ளிருப்பது வயிற்றுக்குள் சிந்தும், கட்டமே ஏறிவிடும். அதனால்தான் அதை உடையாமல் முழுதாக வெளியே எடுத்துப் பிறகு சோதிக்கிறோம். சினைப்பைக்குச் சொன்ன விதியை யாரோ மற்ற எல்லாவற்றுக்கும் நீட்டிவிட்டார்கள்.

செம்பருத்தி | செவ்வாய், மாலை 4:25

சினைப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கிற அந்த சி.ஏ. 125 பத்தி யாரும் பேசலையே, நான் சொல்றேன். என் தங்கச்சிக்கு 32 வயசுல வயிறு வீங்கி நீர் கோத்துக்கிச்சு. சி.ஏ. 125 அறுநூத்துச் சொச்சம். ஸ்கேன்ல சினைப்பை பக்கம் ஏதோ திட்டு. சினைப்பைப் புற்றுநோய் கடைசிக் கட்டம்னு ஒரு இடத்துல சொல்லி, எங்க அப்பா அன்னைக்கே பத்து வயசு கூடின மாதிரி ஆயிட்டார். இன்னொரு டாக்டர் நிதானமா வயித்து நீரை எடுத்து சோதிச்சு, லேப்ராஸ்கோப் விட்டுத் துண்டு எடுத்துப் பார்த்தா காசநோய்! வயித்து டி.பி. ஆறு மாச மாத்திரை. இப்ப அவளுக்கு ரெண்டு வயசுல பையன் இருக்கான்.

அதனால 48ஐப் பார்த்து அலறாதீங்க. கூடவே "48தானே"ன்னு அசால்ட்டாவும் இருக்காதீங்க.

ஸ்லைடுபெட்டி | செவ்வாய், மாலை 5:02

செம்பருத்தி சொல்வது எங்கள் நாட்டில் அடிக்கடி நடப்பது. எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, மாதவிலக்கு நாட்கள், வயிற்றில் எந்த அழற்சி வந்தாலும் அந்த எண் ஏறும். சினைப்பைப் புற்றுநோயின் ஆரம்பக் கட்டத்தில் ஏறாமலும் இருக்கும். இங்கிலாந்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து, ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் இந்தச் சோதனையோ ஸ்கேனோ செய்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது: சினைப்பைப் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை. மாஸ்டர் செக்கப் பொட்டலத்தில் இதைச் சேர்த்து விற்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நோய் உறுதியான பிறகு மருந்து வேலை செய்கிறதா என்று பின்தொடரத்தான் அந்த எண் அருமையாக உதவும்.

தாரை | செவ்வாய், மாலை 6:40

பட்டணம், நாளைக்கே மதுரை பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் மையத்துக்குப் போ. இல்ல, புற்றுநோய்னே தனியா படிச்ச பெண்கள் அறுவை சிகிச்சை டாக்டர் வேற யார்கிட்ட போக முடியுமோ அங்க போ. ஸ்கேன் படத்தையும் எடுத்துட்டுப் போ, ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார், அம்மா ஏதாவது மாத்திரை சாப்பிட்டா அந்தச் சீட்டு. நர்சிங் ஹோம்காரங்களோட சண்டை போடாதே, "இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டு வர்றோம்"னு மட்டும் சொல்லு, போதும்.

மீனாட்சிபட்டணம் | வெள்ளி, இரவு 9:15

ஆபரேஷனை நிறுத்திட்டோம். தம்பி ரெண்டு நாள் என்கூடப் பேசல.

புதன்கிழமை போனோம். அந்த டாக்டரம்மா கருவி வச்சுப் பார்த்த அரை நிமிஷத்துல முகம் மாறிடுச்சு. கர்ப்பப்பை வாயில நாலு செ.மீ. கட்டி. தொட்டா ரத்தம். அங்கேயே துண்டு எடுத்தாங்க. ஆசனவாய் வழியாவும் விரல் விட்டுப் பார்த்தாங்க, அம்மா கூச்சத்துல அழுதுட்டாங்க. பக்கவாட்டுத் திசுவுக்கு வந்திருக்கு, ஆனா இடுப்புச் சுவர் வரைக்கும் போகலன்னாங்க. எம்.ஆர்.ஐ., மார்புக்கும் வயித்துக்கும் சி.டி. எழுதியிருக்காங்க. கிட்னிக்கு கிரியேட்டினினும், ரத்த அளவுக்கு ஹீமோகுளோபினும் பார்த்தாச்சு, ஹீமோகுளோபின் 8.4.

டாக்டரம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "நல்லவேளை, யாரு ஆபரேஷனை நிறுத்தினது?" தம்பி என்னைக் காட்டினான்.

மீனாட்சிபட்டணம் | அடுத்த வியாழன், மதியம் 2:30

பயாப்ஸி வந்துடுச்சு. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயேதான். ஸ்டேஜ் 2பி. நெறிக்கட்டி எதுவும் பெருசாகல, கிட்னி வீக்கம் இல்ல.

ஆனா "ஆபரேஷன் கிடையாது"ன்னு சொல்லிட்டாங்க. வீட்டுல எல்லாரும் இடிஞ்சு போய் உக்காந்திருக்காங்க. எடுக்க முடியாத அளவுக்கு முத்திருச்சுன்னுதானே அர்த்தம்? சித்தி ஃபோன்ல ஒப்பாரியே வச்சுட்டாங்க.

தாரை | அடுத்த வியாழன், மதியம் 3:05

இல்ல! இந்த ஒரு தப்பெண்ணத்தை வார்டுல தினமும் பார்த்திருக்கேன். "கத்தி வைக்க மாட்டேன்னுட்டாங்க, அவ்வளவுதான்"னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நாலு மாசம் கழிச்சு உண்மையிலேயே முத்தி வருவாங்க.

2பிக்கு குணப்படுத்துற வைத்தியமே கரண்டும் கீமோவும்தான். பக்கவாட்டுத் திசுவுக்கு வந்த பிறகு ஆபரேஷன் பண்ணினா ஓரத்துல நோய் தங்கிடும், அப்புறம் எப்படியும் கரண்ட் வைக்கணும். ரெண்டு வைத்தியத்தோட கஷ்டமும் அம்மா தலையில விழும். குடலும் மூத்திரப்பையும் தாங்காது.

நடக்கப் போறதைச் சொல்றேன். வாரம் அஞ்சு நாள், அஞ்சு வாரம், சுமார் 25 தடவை வெளிக்கரண்ட். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், வலிக்காது. அதோட வாரம் ஒரு நாள் சிஸ்பிளாட்டின்கிற கீமோ மருந்து. முடியெல்லாம் கொத்தாக் கொட்டாது, குமட்டல்தான் ஜாஸ்தி. அந்த மருந்து கிட்னியைத் தொடும், அதனால பாட்டில் பாட்டிலா சலைன் ஏத்துவாங்க. கடைசியில உள்கரண்ட். மரத்துப்போக ஊசி போட்டு, கர்ப்பப்பை வாய் வழியா கருவி வச்சு, கட்டிக்குப் பக்கத்துலயே கதிர் குடுப்பாங்க. இதை வேணாம்னு சொல்லிடாதீங்க. வெளிக்கரண்ட்லயே உதிரம் நின்னுடும், "சரியாப் போச்சே, இனி எதுக்கு"ன்னு பாதிப்பேர் ஓடிடுவாங்க. உள்கரண்ட் இல்லாம இந்த வைத்தியம் முழுசாகாது.

மொத்தமும் எட்டு வாரத்துக்குள்ள முடியணும். நாள் இழுத்தா பலன் குறையும். கல்யாணம், கிருத்திகை, அமாவாசைன்னு லீவு போடக் கூடாது. ஹீமோகுளோபின் 8.4ஐ ஏத்தச் சொல்வாங்க, ரத்தம் ஏத்தினா பயப்படாதீங்க.

கொங்குக்காரன் | அடுத்த வியாழன், இரவு 8:10

ஒரு சந்தேகமுங்க. எங்க பக்கம் ஒரு அம்மாவுக்கு இதே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் பண்ணி நல்லா இருக்காங்களே?

ஸ்லைடுபெட்டி | அடுத்த வியாழன், இரவு 8:55

அவருக்கு ஸ்டேஜ் 1 ஆக இருந்திருக்கும். மிக நுண்ணிய நிலையில் கூம்பு வடிவில் ஒரு துண்டு எடுத்தாலே சிலருக்குப் போதும், குழந்தை வேண்டுமென்றால் கர்ப்பப்பையைக் காப்பாற்றலாம். சிறிய கட்டி என்றால் சுற்றுத் திசுவோடும் நெறிக்கட்டிகளோடும் சேர்த்து எடுக்கும் பெரிய ஆபரேஷன். வழக்கமாகக் கர்ப்பப்பை எடுப்பது வேறு, அது வேறு.

இதில் சாவித்துளை ஆபரேஷன் நல்லதென்று எல்லோரும் நினைத்திருந்தோம். 2018இல் வந்த சர்வதேச ஆய்வில் வயிற்றைத் திறந்து செய்தவர்களை விட சாவித்துளையில் செய்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. அதன் பிறகு கர்ப்பப்பை வாய்க்கு மட்டும் திறந்த ஆபரேஷனுக்குத் திரும்பிவிட்டார்கள். உள்சவ்வுப் புற்றுநோயில் சாவித்துளைக்கு அந்தக் கெட்ட பெயர் இல்லை. தாரை சொன்ன "மூணும் வேற வேற வியாதி" இங்கேயும் வருகிறது.

மீனாட்சிபட்டணம் | சனி, காலை 7:30

தம்பி நேத்து ராத்திரி தனியா கூப்பிட்டு ஒண்ணு கேட்டான். இது வைரஸால வர்றதாமே, உறவு மூலமா வர்றதாமே, அப்பாவும் அம்மாவும் அப்படி இல்லையேன்னு. என்ன சொல்றதுன்னு தெரியாம முழிச்சேன். எனக்கு 11 வயசுல பொண்ணு இருக்கா, அவளுக்கும் வருமா?

வடலி | சனி, காலை 8:20

தங்கச்சி, எங்கட சின்னம்மாவுக்கும் இதே நோய்தான். யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில வைத்தியம். 2011 இல ஊர் ஊரா நடந்து காசு சேர்த்தவையெல்லே, அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. அங்கேயும் சனம் இதே கதைதான் கதைச்சது. சின்னம்மா அந்தக் கதைக்குப் பயந்துதான் ஒரு வருஷம் ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்தவ.

இலங்கையில 2017 தொடக்கம் பள்ளிக்கூடத்தில ஆறாம் ஆண்டு பொம்பிளைப் பிள்ளையளுக்கு அந்த வைரசுக்கான தடுப்பூசி போடினம். என்ர மகளுக்கும் போட்டாச்சு. உங்கட மகளுக்கும் இதுதான் சரியான வயது.

ஸ்லைடுபெட்டி | சனி, காலை 10:15

தம்பிக்கு இதைக் காட்டுங்கள். நீங்கள் கேட்ட அந்த வைரஸின் பெயர் ஹெச்.பி.வி. அது தாம்பத்திய வாழ்வில் இருக்கும் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் வந்து போகிற கிருமி. ஒரே கணவர், ஒரே மனைவி என்று வாழ்ந்தவர்களுக்கும் வரும். பத்தில் ஒன்பது பேருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகப் போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கி, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகும். யாருடைய ஒழுக்கத்தையும் அதை வைத்து அளக்க முடியாது.

இது அம்மாவிடமிருந்து மகளுக்கு மரபணுவாக இறங்குவதில்லை. (சினைப்பையிலும் உள்சவ்விலும் சில குடும்பங்களில் இறங்கும், அவர்களுக்கு மரபணுச் சோதனை தனிக்கதை.) ஹெச்.பி.வி.யில் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது, உள்நாட்டுத் தயாரிப்பான செர்வாவேக்கும் 2023இல் வந்துவிட்டது. உங்கள் மகளுக்குப் போடுங்கள். உங்களுக்கு 30 தாண்டியிருந்தால் ஹெச்.பி.வி. சோதனை செய்துகொள்ளுங்கள்.

பெரிய கருவி கூட வேண்டாம். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே அம்பிளிக்கையை மையமாக வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். வெளுத்தால் பயாப்ஸி, சிகிச்சை. 2007இல் வெளியான முடிவில், சோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. பருத்தியும் அமிலமும் ஒரு டார்ச்சும். நர்சிங் ஹோமில் யாராவது அரை நிமிடம் பார்த்திருந்தால் என்று நான் சொல்ல வருவது உங்களுக்குப் புரியும்.

மீனாட்சிபட்டணம் | ஒன்பது வாரம் கழித்து, ஞாயிறு

மன்னிச்சுக்கோங்க, எழுத நேரமே இல்ல. முடிஞ்சது. 25 வெளிக்கரண்ட், அஞ்சு சிஸ்பிளாட்டின், நாலு உள்கரண்ட். மொத்தம் 53 நாள். மூணாவது வாரம் பேதி படுத்தி எடுத்துடுச்சு, மோரும் கஞ்சியும்தான். தினமும் கரண்ட் மிஷினுக்கு முன்னாடி அரை லிட்டர் தண்ணி குடிச்சு அடக்கிட்டு உக்காரணும், அம்மாவும் பக்கத்துல இருந்த உசிலம்பட்டி அம்மாவும் அதுல போட்டியே போட்டாங்க. தம்பிதான் தினமும் பைக்ல கூட்டிட்டுப் போனான்.

மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன், அதுக்கு அப்புறம்தான் கட்டி போச்சான்னு சொல்வாங்களாம். தாரை அக்கா, ஒண்ணு கேட்கணும். கண்ணாடிக் குழாய் மாதிரி ஒண்ணு குடுத்து வாரத்துல ரெண்டு மூணு தடவை உள்ளே வைக்கச் சொல்லியிருக்காங்க. அப்பா போய் எட்டு வருஷம் ஆச்சு. "இந்த வயசுல எனக்கெதுக்குடி இது"ன்னு பீரோவுக்குள்ள போட்டுப் பூட்டிட்டாங்க.

தாரை | ஞாயிறு, மாலை 5:50

கரண்ட் வச்ச பிறகு பிறப்புறுப்பு வழி ஒட்டிக்கிட்டுச் சுருங்கும். சுருங்கிட்டா அடுத்த செக்கப்ல டாக்டர் கருவி வச்சுப் பார்க்கவே முடியாது, நோய் திரும்பினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் அது, வேற எதுக்கும் இல்லன்னு அம்மாகிட்ட சொல்லு. ஜெல் தடவி, படுத்துக்கிட்டு, அஞ்சு பத்து நிமிஷம். முதல்ல சின்ன அளவு. லேசா ரத்தக்கறை பட்டா பரவாயில்ல, கட்டியா வந்தா ஃபோன் பண்ணச் சொல்லு. எந்த அளவு குடுத்திருக்காங்க?

மீனாட்சிபட்டணம் | ஞாயிறு, இரவு 9:40

பார்க்கணும்கா. பீரோ சாவி அம்மா இடுப்புல இருக்கு.